தே ஓ கலர்ல ஓடுற பாரிட்டும் தண்ணி நின்னுபோற பைப்பும்

தம்பி முக்கியமா கேட்டது ரெண்டு விசயம். ஒண்ணு, செம்பனைக் காட்டு ஓரமா வர்ற பாரிட்ல, அதாவது வாய்க்கால்ல, தண்ணி தே ஓ (பால் ஊத்தாத தேத்தண்ணி) கலர்ல ஓடுது, போன வாரம் மழை விட்ட மறுநாள் மீனு செத்து மெதந்துச்சு, இது பாமாயில் மில்லுக்காரன் வேலைதானே அக்கான்னு. இன்னொண்ணு, நம்ம பத்தாங் பெர்ஜுந்தையில வீட்டுக்குப் பின்னாடியே சுங்கை சிலாங்கூர் ஓடுது, தண்ணி சுத்தம் பண்ற பிளான்ட்டும் பக்கத்துலயே இருக்கு, அப்புறம் எப்படி நமக்கே தண்ணி கட் ஆவுது, அதுவும் மில்லாலதானான்னு. சுருக்கமா சொல்லணும்னா மொதல் கேள்விக்கு "இருக்கலாம், ஆனா கலரை வச்சு சொல்ல முடியாது", ரெண்டாவதுக்கு "பெரும்பாலும் இல்ல". இதோட விட்டா நான் எதையோ மறைக்கிறேன்னு நெனப்பீங்க, அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன், தே கலக்கிட்டு வந்து ஒக்காருங்க.

நான் பேராக்குல ஒரு பாமாயில் மில்லு லேப்ல 19 வருசம் வேலை பாத்தவ. அதுக்கு முன்னாடி பள்ளிக்கூட லீவுல அம்மாகூட தோட்டத்துல உரம் போடவும் போயிருக்கேன், மருந்து அடிக்கிறவங்களுக்கு தண்ணி தூக்கவும் போயிருக்கேன். மில்லுக்கு வக்காலத்து வாங்குறேன்னு சொன்னாலும் பரவால்ல, கடைசி வரைக்கும் படிச்சுட்டு திட்டுங்க.

மில்லுல என்ன நடக்குதுன்னா, லோரில வர்ற செம்பனைப் பழக் கொலையை பெரிய இரும்பு உருளைக்குள்ள தள்ளி சுமார் 140 டிகிரி ஆவியில ஒரு மணி ஒண்ணரை மணி நேரம் வேக வைப்பாங்க, அப்புறம் பழத்தை உதுத்து, பிழிஞ்சு, எண்ணெயை சுடுதண்ணி ஊத்தி தெளிய விடுவாங்க. ஒரு டன் எண்ணெய் எடுக்க 5 டன்லேர்ந்து 7 டன்னுக்கு மேலயே தண்ணி போவும், அதுல பாதிக்கு மேல அழுக்குத் தண்ணியா வெளிய வரும். 80, 90 டிகிரி சூட்டுல, கெட்டியா, பழுப்பா, புளிச்ச வாடையோட வரும். அதுல வெசம்னு எதுவும் கலக்கறதில்ல, நூத்துக்கு 95 பங்கு தண்ணி, மிச்சம் பழத்தோட சக்கையும் கொஞ்சம் எண்ணெயும்தான். அப்புறம் ஏன் ஆறு சாவுதுன்னு கேப்பீங்க.

இங்கதான் பிஓடி வருது. பேரைக் கேட்டு பயப்படாதீங்க, தண்ணியில இருக்குற சாப்பாட்டை கிருமி தின்னு முடிக்க எவ்ளோ ஆக்சிஜன் குடிக்கும்ங்கறதுதான் கணக்கு. நாங்க சின்ன கண்ணாடி பாட்டில்ல சேம்பிளை ஊத்தி, காத்துக் குமிழி ஒண்ணுகூட இல்லாம மூடி, 30 டிகிரி பெட்டிக்குள்ள மூணு நாள் வைப்போம். மத்த நாட்டுல 20 டிகிரியில அஞ்சு நாள் வைப்பாங்க, நம்ம ஊரு சூட்டுக்கு இந்த மூணு நாள் கணக்கு. மொதல் நாள் எவ்ளோ ஆக்சிஜன் இருந்துச்சு, மூணாம் நாள் எவ்ளோ மிச்சம், அந்த வித்தியாசம்தான் நம்பரு. மில்லுலேர்ந்து நேரா வர்ற, சுத்தம் பண்ணாத பச்சைத் தண்ணிக்கு அது லிட்டருக்கு 25,000 மில்லிகிராம் கிட்ட வரும். நம்ம ஊரு வெயிலுக்கு சுத்தமான ஆத்துத் தண்ணியே லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம் ஆக்சிஜனைத்தான் புடிச்சு வைக்கும். வகுத்துப் பாருங்க, ஒரு லிட்டர் பச்சைத் தண்ணி மூவாயிரம் லிட்டர் ஆத்துத் தண்ணியோட மூச்சைப் புடுங்கிடும். மீனு வெசம் குடிச்சு சாவல, மூச்சு முட்டி சாவுது.

எழுபதுகள்ல இப்படித்தான் மேற்குக் கரை ஆறுங்க நாறிக் கெடந்துச்சு. 1974ல சுற்றுச்சூழல் சட்டம் வந்து, 1977ல பாமாயில் மில்லுக்குன்னே தனி விதி போட்டாங்க. அதுல எனக்குப் பிடிச்ச விசயம், ஒரே நாள்ல சுத்தம் பண்ணுன்னு சொல்லல. 1978ல பிஓடி லிட்டருக்கு 5,000 மில்லிகிராம் வரைக்கும் விடலாம்னு ஆரம்பிச்சு, படிப்படியா கொறைச்சு, 1984ல 100ன்னு கொண்டு வந்து நிறுத்துனாங்க. 25,000த்த 100 ஆக்கணும்னா நூத்துக்கு 99 பங்குக்கு மேல எடுக்கணும், அதை பெரிய மிசினு எதுவும் இல்லாம வெறும் குளம் தோண்டியே செஞ்சாங்க நம்ம ஆளுங்க. ஆற விடுற குளம், அதுக்கப்புறம் மூடாத ஆழமான குளம், அதுல காத்து படாம வாழுற கிருமி சக்கையைத் தின்னு கேஸா விடும், அந்த கேஸ்ல பெரும்பாலும் மீத்தேன், இப்பல்லாம் அதை மூடிப் புடிச்சு கரண்டு எடுக்குறாங்க. கடைசியில மட்டமான குளங்க, வெயிலும் காத்தும் படுறது. உள்ள போன தண்ணி வெளிய வர ரெண்டு மூணு மாசம் ஆவும்.

இப்ப கலர் விசயத்துக்கு வர்றேன். அந்த கடைசி குளத்துலேர்ந்து வெளிய வர்ற தண்ணி, 100க்குக் கீழ இருந்தாலும், தே ஓ கலர்லதான் இருக்கும். சக்கையில இருக்குற பழுப்புச் சாயத்தை கிருமி சீக்கிரம் திங்காது. அதே மாதிரி ராஜா மூசா பக்கம் பீட் சதுப்புக் காட்டுலேர்ந்து வர்ற தண்ணியும் பழுப்புதான், எலைதழை ஊறுன கலர், அதுக்கும் மில்லுக்கும் சம்பந்தமே கெடையாது. மில்லு இல்லாத காலத்துலயும் அந்தத் தண்ணி அப்படித்தான் ஓடியிருக்கும். கலரைப் பாத்து புகார் குடுத்தீங்கன்னா ஆபீசர் வந்து சேம்பிள் எடுத்து எல்லாம் சரியா இருக்குன்னு எழுதிட்டுப் போயிடுவாரு, அடுத்த தடவை நெசமாவே கெட்ட தண்ணி வரும்போது உங்க போனை எவனும் எடுக்க மாட்டான்.

கலருக்குப் பதிலா வேற நாலு விசயத்தைப் பாருங்க. புளிச்ச வாடை அடிக்குதா, தண்ணி மேல எண்ணெய் பாடை மின்னுதா, கல்லுலயும் வேர்லயும் வெள்ளையா சாம்பலா பஞ்சு மாதிரி வழுவழுன்னு ஒட்டியிருக்கா. அந்தப் பஞ்சுதான் பெரிய சாட்சி, சாப்பாடு அதிகமா கலந்த தண்ணியில மட்டும்தான் அது வளரும், ஒரு நாள்ல வளராது, அதனால பல நாளா எவனாவது விட்டுகிட்டு இருந்தா காட்டிக் குடுத்துடும். அப்புறம் விடியக்காலையில போய் மீனைப் பாருங்க. மேல வந்து வாயைத் தொறந்து தொறந்து மூடுனா ஆக்சிஜன் இல்லைன்னு அர்த்தம், ராத்திரியில பாசியும் சேந்து ஆக்சிஜனை இழுக்கும், அதனால விடியற நேரம்தான் ரொம்ப மோசமா இருக்கும். மத்தியானம் போய் பாத்துட்டு நல்லாத்தானே இருக்குன்னு வந்துடாதீங்க.

சரி, மில்லுக்காரன் யோக்கியனான்னு கேட்டா, அதையும் சொல்லிடறேன். நான் வேலை பாத்த எடத்துல குளம் தூர்ந்து போச்சு. அஞ்சு மீட்டர் ஆழம்னு பிளான்ல போட்டிருக்கும், சக்கை அடியில தங்கித் தங்கி ரெண்டு மீட்டர்தான் மிச்சம் இருக்கும். மேலேர்ந்து பாத்தா குளம் நெறைஞ்சு அழகா இருக்கும். ரெண்டு மாசம் தங்க வேண்டிய தண்ணி மூணு வாரத்துல வெளிய ஓடிடும், கிருமிக்கு திங்க நேரமே இல்ல. தூர் வாரணும்னா காசு, மேல எழுதிப் போடுவோம், அடுத்த வருச பட்ஜெட்டுன்னு வரும். ஒரு நவம்பர் மாசம் விடாம மழை, கொலை சீசனும் சேந்துகிச்சு, மில்லு ராப்பகலா ஓடுது, ராத்திரி கடைசி குளத்தோட கரை ஒரு பக்கம் ஒடைஞ்சு போச்சு. காலையில மீட்டரை எடுத்துகிட்டு ஆத்துக்குப் போனேன், ஆக்சிஜன் லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்கும் கீழ. கம்போங் பசங்க செத்த மீனை சாக்குல அள்ளிகிட்டு இருந்தானுங்க, திங்காதீங்கடான்னு கத்துனேன், சிரிச்சுட்டுப் போயிட்டானுங்க. லேப் புக்குல அந்த நம்பரை எழுதுனதுக்கு எனக்கு ஆபீஸ்ல என்ன பேச்சு கெடைச்சுதுன்னு இங்க வேணாம். அதை அடிச்சு அழிக்காம அப்படியே வச்சிருந்தேன், அவ்ளோதான்.

ஆனா உங்க பாரிட்ல மழைக்கு மறுநாள் மீனு செத்ததுக்கு மில்லு மட்டும்தான் காரணமா இருக்கணும்னு இல்ல. ரெண்டு மூணு வாரம் மழையே இல்லாம இருந்து மொதல் மழை கொட்டுச்சுன்னா, லோங்காங்ல, அதாவது சாக்கடைக் கால்வாய்ல, தேங்கிக் கெடந்த கறுப்புச் சேறு, சாப்பாட்டுக் கடை எண்ணெய், செப்டிக் டேங்க் வழிஞ்சது, எல்லாம் ஒரே மூச்சுல அடிச்சுகிட்டு வரும். அந்தச் சேறு கலங்குனாலே ஆக்சிஜன் காலி. அதோட காட்டுல போட்ட உரம். எங்க அம்மா காலத்துல மண்டோர் வானத்தைப் பாத்துட்டுத்தான் உரம் போடச் சொல்லுவாரு, மழை வர்ற மாதிரி இருந்தா வாளியைக் கீழ வைன்னுடுவாரு, அது மரத்துக்காக, காசுக்காக, ஆத்துக்காக ஒண்ணும் இல்ல, ஆனா ஆத்துக்கும் அதுதான் நல்லது. மருந்து அடிக்கிற பம்பை கடைசியில பாரிட்லதான் கழுவுவோம், வேற எடம் எங்க இருக்கு. 2020லேர்ந்து பாராகுவாட்ங்கற களை மருந்துக்கு தடை போட்டாங்க, அதைக் கேட்டப்ப எனக்கு அந்தப் பம்பு கழுவுன தண்ணியில நாங்க கால் கழுவுனதுதான் ஞாபகம் வந்துச்சு.

ஆத்தங்கரையில மரம் விடணும்னு விதி இருக்கு தெரியுமா? அஞ்சு மீட்டர்கூட அகலம் இல்லாத சின்ன ஓடைக்கு ரெண்டு பக்கமும் அஞ்சு மீட்டர், 40 மீட்டருக்கு மேல அகலமான ஆத்துக்கு 50 மீட்டர், அப்படியே தொடாம விடணும். உரமும் மண்ணும் ஆத்துக்குப் போறதுக்கு முன்னாடி அந்தப் புல்லும் புதரும்தான் வடிகட்டும். இப்ப போய் நம்ம பக்கத்து ஓடைங்களைப் பாருங்க, செம்பனை மட்டை தண்ணியிலயே விழுவுது.

இனி பைப்புக்கு வர்றேன். சிலாங்கூரும் கேஎல்லும் குடிக்கிற தண்ணியில பாதிக்கு மேல இந்த ஒரே ஆத்துலேர்ந்து போவுது. பிரேசர் மலைப் பக்கம் பொறந்து, கோலா குபு பாரு வழியா வந்து, நம்ம ஊரைத் தாண்டி கோலா சிலாங்கூர்ல கடல்ல சேருது. ராவாங் பக்கத்து சின்ன ஆறுங்களும் நமக்கு மேலதான் இதுல வந்து விழுவுது. நம்ம வீட்டுக்குப் பின்னாடி ஓடுறதுன்னு நீங்க சொல்றீங்க, மேல அத்தனை பேரு வீட்டுக்கும் பின்னாடி ஓடிட்டுதான் நம்மகிட்ட வருது.

பிளான்ட்ல நடக்குறது நம்ம பாட்டி படிகாரம் போட்டு தெளிய வச்ச அதே வேலைதான். படிகாரமோ அது மாதிரி ஒண்ணோ போட்டு கலங்கலை கட்டியாக்கி அடியில தங்க விடுவாங்க, மணல்ல வடிப்பாங்க, குளோரின் போடுவாங்க. சேத்துக்கும் கிருமிக்கும் இது போதும். மில்லு தண்ணி, அதாவது பழச் சக்கை, கொஞ்சம் கலந்து ஆத்துல கரைஞ்சு வந்தா இதால சமாளிக்க முடியும். சமாளிக்க முடியாதது ரெண்டு.

ஒண்ணு அம்மோனியா. ரப்பர் பால் கொட்டாய்ல பால் கட்டியாவாம இருக்க ஊத்துவாங்களே, மூக்கைப் பொத்திகிட்டு ஓடுவோமே, அதேதான். ஆத்துக்கு அது வர்றது நம்ம கக்கூஸ்லேர்ந்து, கோழிப் பண்ணைலேர்ந்து, குப்பை மேட்டுலேர்ந்து கசியிற தண்ணிலேர்ந்து, கொஞ்சம் உரத்துலேர்ந்து. பிளான்ட்டுக்கு இது ஏன் தலைவலின்னா, குளோரின் கிருமியைக் கொல்றதுக்கு முன்னாடி அம்மோனியாகூட சண்டைக்குப் போயிடும். ஒரு மில்லிகிராம் அம்மோனியாவை முடிக்க எட்டு பத்து மில்லிகிராம் குளோரின் வேணும். ஆத்துத் தண்ணியில லிட்டருக்கு ஒண்ணரை மில்லிகிராமைத் தாண்டுச்சுன்னா எடுக்கக்கூடாதுன்னு வரம்பு வச்சிருக்காங்க. தண்ணி பளிங்கு மாதிரி தெளிவா இருந்தாலும் அம்மோனியா இருக்கலாம், கண்ணால எவனாலயும் பாக்க முடியாது.

இன்னொண்ணு வாடை. டீசல், கரைப்பான், பழைய இஞ்சின் ஆயில், இது மாதிரி. படிகாரம் இதைப் புடிக்காது, மணலும் புடிக்காது, கரித்தூள் போட்டா கொஞ்சம் புடிக்கும். 2020 செப்டம்பர் 3ஆம் தேதி ஞாபகம் இருக்கா, ராவாங் பக்கம் சுங்கை கோங்ல ஒரு பட்டறைலேர்ந்து கழிவு எறங்கி, அது சுங்கை செம்பா வழியா நம்ம ஆத்துக்கு வந்து, நாலு பிளான்ட்டை ஒரே நேரத்துல மூடுனாங்க, பத்து லட்சத்துக்கு மேல மீட்டருக்கு தண்ணி இல்ல, கோவிட் காலத்துல கையைக் கழுவு கழுவுன்னு சொல்லிகிட்டே வாளியோட லோரிக்கு முன்னாடி நின்னோம். அதுக்கு டாங்கர் கணக்குல ஊத்தணும்னு அவசியமே இல்ல, சில ரசாயனத்துக்கு மூக்கு அவ்ளோ கூர்மை. ஏன் சுத்தம் பண்ணாம மூடுறாங்கன்னு எல்லாரும் திட்டுனாங்க. வாடை ஒரு தடவை உள்ள போயிடுச்சுன்னா மணல் தொட்டி, சேமிப்புத் தொட்டி, ஊர் முழுக்க போற பைப்பு, எல்லாத்தையும் கழுவி எடுக்கணும், மூணு நாள்ல முடியிற வேலை பத்து நாளாயிடும். அந்த மூடுற முடிவு சரியான முடிவுதான், கோவம் வேற எடத்துக்குப் போவணும்.

அதுக்கு முந்தின வருசம் மார்ச்ல ஜொகூர் பாசிர் கூடாங்ல சுங்கை கிம் கிம்ல ரசாயனக் கழிவைக் கொட்டுனதுல ஆயிரக்கணக்கான பேரு, அதுல நெறைய பள்ளிக்கூடப் பிள்ளைங்க, மூச்சு விட முடியாம ஆஸ்பத்திரிக்குப் போனாங்க, 111 பள்ளிக்கூடத்தை மூடுனாங்க. மில்லு குளம் 40 வருசமா எல்லாரு கண்ணுக்கும் முன்னாடி நாறிகிட்டு இருக்கு, அதனால அதுக்கு லைசன்ஸ், லேப் புக்கு, ரிப்போர்ட்டு எல்லாம் இருக்கு. ராத்திரி ரெண்டு மணிக்கு பாலத்து மேல நின்னு டிரம்மைச் சாய்க்கிற லோரிக்கு லேப் புக்கு கெடையாது. நம்ம பைப்பை மூடுறது பெரும்பாலும் அந்த டிரம்முதான்.

யாரு பொறுப்புன்னு கேட்டீங்கன்னா, சிரிப்பு வரும். நிலமும் ஆறும் மாநிலத்தோடது, சிலாங்கூர்ல ஆத்தைப் பாக்க லுவாஸ்னு 1999 சட்டத்துல தனி வாரியம் வச்சிருக்காங்க. மில்லு, பேக்டரி கழிவுக்கு மத்திய அரசாங்கத்தோட ஜாஸ், அதாவது ஜபாத்தான் ஆலாம் செகிடார். பட்டறைக்கு லைசன்ஸ் குடுக்குறது நகராட்சி. கக்கூஸ் தண்ணிக்கு இண்டா வாட்டர். கடல்ல மீனுக்கு மீன்வளத் துறை. 2024ல சட்டத்தைத் திருத்தி உச்ச அபராதத்தை 10 மில்லியன் ரிங்கிட் வரைக்கும் ஏத்திட்டாங்க, நல்லதுதான், முன்னாடி இருந்த அபராதம் சில பேருக்கு டீ செலவு மாதிரி. ஆனா லைசன்ஸே இல்லாம ஆத்தோரம் தகரக் கொட்டாய் போட்டவனைத் தேடிப் புடிக்கிறது அபராதத்தைவிட கஷ்டமான வேலை.

நம்ம வீட்டைப் பத்தியும் ஒரு வார்த்தை, கோச்சுக்காதீங்க. செப்டிக் டேங்கை ரெண்டு மூணு வருசத்துக்கு ஒரு தடவை உறிஞ்சி எடுக்கணும், நம்ம லைன்ல எத்தனை வீடு எடுத்திருக்குன்னு கேட்டுப் பாருங்க, வீடு வாங்குன நாள்லேர்ந்து தொறக்காத டேங்க் எனக்குத் தெரிஞ்சே இருக்கு. அதுவும் அந்த மில்லு குளம் கதைதான், அடியில தூர்ந்து போயிடும், மேல தெரியாது, அம்மோனியா லோங்காங்ல போவும். தீபாவளிக்கு முறுக்கு சுட்ட எண்ணெயை லோங்காங்ல ஊத்தாதீங்க, கிலோ கணக்குல காசு குடுத்து வாங்கிட்டுப் போறவங்க இருக்காங்க.

கடலையும் கேட்டிருந்தீங்க, கோலா சிலாங்கூர்ல கெராங் சிப்பி முன்ன மாதிரி இல்லையேன்னு. கெராங் சேத்துல ஒரே எடத்துல கெடக்குற சீவன், மீனு மாதிரி தப்பிச்சு ஓட முடியாது, மேல இத்தனை எடத்துலேர்ந்து வர்றது எல்லாம் கடைசியில அது வாய் வழியாத்தான் வடியுது. தண்ணி கொறைஞ்சாலும் ஆபத்துதான். மேல அணை கட்டி, பம்ப் வச்சு நிறைய எடுத்துட்டோம்னா, ஆத்துக்கு கடலைத் தள்ளுற பலம் போயிடும், உப்புத் தண்ணி மேல ஏறும். கம்போங் குவாந்தான்ல மின்மினி ஒக்காருதே பெரம்பாங் மரம், அது பாதி உப்பு பாதி நல்ல தண்ணியில வாழுறது, ரொம்ப உப்பானா அதுக்கு ஆவாது, மரம் போனா மின்மினியும் போயிடும். மழை இல்லாத காலத்துல நம்ம ஊருல ஈயம் தோண்டுன பழைய குளத்துத் தண்ணியை ஆத்துக்கு பம்ப் பண்ணி விடுறாங்களே, அது பைப்புக்காகத்தான் செய்யிறது, ஆனா கீழ போற தண்ணிக்கும் கொஞ்சம் ஒதவும்.

அடுத்த தடவை மீனு மெதந்தா இப்படிச் செய்யிங்க. மொதல்ல மணியைப் பாத்து போட்டோ எடுங்க. சந்தேகப்படுற எடத்துக்கு மேல ஒரு பாட்டில், கீழ ஒரு பாட்டில், ரெண்டு தண்ணி எடுங்க, மேல எடுத்த தண்ணியும் கெட்டிருந்தா உங்க மில்லு மேல பழி போட முடியாது. அந்தப் பாட்டில் கோர்ட்டுக்கு ஆவாது, அதுக்கு ஜாஸ் ஆளே வந்து எடுத்தாத்தான் செல்லும், ஆனா அவங்க வர்றதுக்குள்ள ஆறு ஓடிடும், அப்ப எங்க தேடணும்னு சொல்ல உங்ககிட்ட ஏதாவது இருக்கணும்ல. மினரல் வாட்டர் பாட்டிலை அதே தண்ணியில மூணு தடவை அலசிட்டு, தண்ணிக்குள்ளயே முக்கி, விளிம்பு வரைக்கும் நெரப்பி, உள்ள காத்தே இல்லாம மூடுங்க, ஐஸ் பெட்டியில வைங்க. வீட்டு பிரிட்ஜுல வச்சா பிள்ளைங்க தே ஓன்னு நெனச்சு குடிச்சிடப் போவுது. எந்தப் பாலத்துல எடுத்தீங்கன்னு அங்கேயே பாட்டில் மேல எழுதிடுங்க, வீட்டுக்கு வந்தப்புறம் ரெண்டு பாட்டிலும் ஒரே மாதிரிதான் தெரியும்.